வெந்நீர் ஊற்றில் ஒரு குடை

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தால் ரத்தம் ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி, யாங்கோனிலிருந்து அவ்வளவு தூரம், பாலைவனமாய்க் காய்ந்து கிடக்கும், அப்படி ஓர் ஊற்று உள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்கு அவரை அழைத்துப் போனேன்.

பாறையில் உட்கார்ந்து வலது காலை ஊற்றுக்குள் விட்டார்.

"சுடுதாப்பா?"

"சுடலம்மா. சுகமா இருக்கு."

தூரத்தில் வனக்காவலர் கையை ஆட்டி, "பூடே! பூடே!" என்று கத்தினார். பர்மிய மொழியில் வெயில் சுட்டாலும் பூடே, தண்ணீர் சுட்டாலும் பூடே. வெயிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு, அப்பாவுக்குக் குடை பிடித்தேன். நல்ல மகள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

காவலர் ஓடிவந்து அப்பாவின் காலை வெளியே தூக்கியபோது தோல் வழன்றிருந்தது.

புண் ஆறவே இல்லை. யாங்கோன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நெசமா எனக்குச் சுடவே இல்லம்மா. நீ அழாத."

இப்போது யாங்கோனில், தாமுவே பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், அவர் குளிக்கும் வாளியில் தினமும் முதலில் என் கையை விட்டுப் பார்க்கிறேன். அன்று இந்தக் கை குடையைப் பிடித்துக்கொண்டிருந்தது.