காப்புக் கட்டிய பிறகு எல்லை தாண்டியவள்

பக்கத்து வீட்டு லோஜினி அக்காவை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாராட்டியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதிலும் விரல் மிச்சமிருக்கும். ஆறடிக்கு மேல் உயரம். தேயிலைக்கு நிழலுக்காக நடுகிற சவுக்கு மரத்தின் பேரையே அவளுக்கு வைத்தார்கள். "அந்த மரத்தையாச்சும் வெட்டி விறகாக்கலாம்" என்பார் கோயில் கமிட்டித் தலைவர் சிவசாமி.

தலவாக்கலையில் படிக்கும்போது அந்த உயரத்துக்காகவே அவளை வலைப்பந்தாட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். பந்தோடு ஓடக்கூடாது, மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது, வளையத்துக்குள் போட வேண்டும். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் வளையத்தை ஆணியடித்துப் பழகினாள். பந்து பொறுக்கிப் போட்டவள் நான். ஓஎல் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பந்து பொறுக்க அந்தப் படிப்பு தாராளம்.

மாவட்டம், மாகாணம், பிறகு கொழும்பில் ஒரு கழகம். பேப்பரில் படம் வந்தபோது சிவசாமி அதில் பார்த்தது பந்தை அல்ல, முழங்காலை.

இந்த வருடம் தேசிய அணிக்குக் கடைசித் தெரிவு. சனிக்கிழமை, கொழும்பில். அதே வாரம் எங்கள் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டும்போது தோட்டத்துக்குள் இருப்பவர்கள், தேர் சுற்றி முடியும்வரை எல்லைக்கு வெளியே ராத்தங்கக்கூடாது. அந்நேரம் வெளியே இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. காப்பு வெள்ளிக்கிழமை மாலை என்றிருந்தார்கள். அம்மாவைப் பார்க்க வந்திருந்த அக்கா வெள்ளி காலையே கிளம்பிவிடுவதாக இருந்தாள்.

புதன்கிழமை மாலையே தப்பு முழங்கியது. நேரம் மாறிவிட்டதாம். காப்பும் கட்டியாகிவிட்டது.

சிவசாமி நேராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். "இந்தா நாகலெச்சுமி, ஒம் மக எங்கயும் போகக்கூடாது. ஆத்தாளுக்கு ஆகாது."

"ஆத்தாளுக்கு ஆகாதா, ஒங்களுக்கு ஆகாதா தலைவரே?" என்றார் அக்காவின் அம்மா.

"போனா ஒங்க வாசல்ல தேர் நிக்காது. சொல்லிட்டேன்."

அவர் திரும்பி நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் தேர் நின்று தட்டு வாங்கும். நிற்காவிட்டால் அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள்.

"நான் போகலம்மா" என்றாள் அக்கா.

"போகாம? ஆறடிக்கு வளந்துட்டு இங்க நின்னு கூரைக்கு முட்டுக் குடுக்கப் போறியா? பையக் கட்டு."

வியாழன் காலை அவள் பஸ் ஏறினாள். ஆட்களைக் கூட்டி வழிமறிக்க நினைத்த சிவசாமியின் ஒலிபெருக்கி அன்று பார்த்துப் பேசவில்லை. எலி வயரைக் கடித்திருக்கும் என்றேன். எங்கள் தோட்டத்து எலிகள் கெட்டிக்கார எலிகள்.

சனி மாலை போனில் பேசினாள். "முதல் பாதியில ஒருத்தியும் எனக்குப் பந்து குடுக்கலடி. அப்புறம் சிங்களத்துல கத்துனேன். வாத்தியார்கிட்டப் படிச்ச சிங்களம் இல்ல, பஸ் ஸ்டான்ட் சிங்களம். பயந்துபோய்க் குடுத்தாளுக. போட்டது எல்லாமே விழுந்துச்சு." முடிவு நாளைக்காம்.

ஞாயிறு காலை தேர் எங்கள் லயத்துக்கு வந்தது. அக்காவின் அம்மா குளித்து, தேங்காய், பழம், சூடத்தோடு தட்டை ஏந்தி நின்றார். தேர் எங்கள் வாசலில் நின்றது. அடுத்த வாசல் அக்காவுடையது. சிவசாமி கையை ஆட்டினார். இழுத்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே இழுத்துப் போனார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான்.

அப்போதுதான் என் போன் அடித்தது.

"எடுத்துட்டாங்கடி! என்னைய எடுத்துட்டாங்க!"

"அக்காவ எடுத்துட்டாங்க!" என்று நான் கத்திய கத்தலில் மேளமே ஒரு நொடி தடுமாறியது. அக்காவின் அம்மா என்னைப் பார்த்தார். தட்டிலிருந்த தேங்காயை எடுத்தார். பூசாரியும் இல்லை, தேரும் இல்லை. தன் வாசற்படியில் தானே ஓங்கி அடித்தார். சில்லு ஒன்று சிவசாமியின் வேட்டிவரை தெறித்தது.

"என்னா சத்தம்? தேர் நின்னுச்சா?" என்றாள் அக்கா.

"நின்னுச்சுக்கா" என்றேன். பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அக்காவின் அம்மா போனைப் பிடுங்கினார். "நிக்கலடி. நானே ஒடச்சிட்டேன். நீ ஆடு."