அக்கா வரைந்த குளியலறை

போன மாதம் நன்னிலத்தில் எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். சாமுவேல் அத்தான் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரே மூச்சில் காலி செய்தேன். அக்கா உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்க்கா, புளிக்குதா?"

அத்தான் உள்ளே போகிற வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"குடிச்சா அப்புறம் உங்க அத்தானைக் கூப்பிடணும்டா. வயல்ல இருந்தார்னா போன் போட்டு வரச் சொல்லணும். அதான்... கொஞ்சமாக் குடிச்சுப் பழகிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள்தான் அழுதோம். அவள் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எட்டாவது நாள், "சரி, சக்கர நாற்காலியை எப்படி ஓட்டுறது?" என்று கேட்டாள். கட்டிலில் இருந்து நாற்காலிக்குக் கையை ஊன்றித் தானே மாறக் கற்றுக்கொண்டாள். சமைக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

ஆனால் குளியலறை? அது கொல்லைப்பக்கம். மூன்று படி இறங்க வேண்டும். அத்தான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலையில், மாலையில், நடுவில் எத்தனை முறை தேவையோ அத்தனை முறை. அவருக்கு முதுகு வலி. சொல்ல மாட்டார். ஒவ்வொரு தடவையும் தூக்கி நிமிரும்போது முகத்தில் தெரியும்.

"ஜூன்ல ஸ்கூல் திறக்குது. அங்க சாய்வுப் பாதை போட்டாச்சு, டாய்லெட்டும் மாத்தியாச்சு. ஹெட்மாஸ்டர் வாங்க வாங்கங்கறார். வீட்ல குளிச்சுக் கிளம்புறதுதான் என்னால முடியல" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே... உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் உண்டா?

படுக்கையறையை ஒட்டி நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதையே குளியலறை ஆக்குவது என்று நானும் அத்தானும் முடிவு செய்தோம். தஞ்சாவூருக்குத் திரும்பி, இரண்டு நாள் இன்டர்நெட்டில் மேய்ந்தேன். கலரில் பிளான் போட்டேன். மேஸ்திரி கலியபெருமாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். "ஜமாய்ச்சுரலாம் சார்" என்று பதில் வந்தது.

நான், அத்தான், மேஸ்திரி. மூன்று ஆண்கள், ஆறு நல்ல கால்கள். யாரிடம் கேட்டோம் என்று நினைக்கிறீர்கள்? எங்களிடமே கேட்டுக்கொண்டோம்.

பத்து நாள் கழித்துப் போனேன். சுவர் பூசி, கதவு நிலையும் வைத்தாகிவிட்டது. "அம்மா, வந்து பாருங்க" என்று மேஸ்திரி பெருமையாகக் கூப்பிட்டார். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

வாசலிலேயே 'டங்'.

நாலு அங்குலத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருந்தார் மேஸ்திரி. முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. நானும் அத்தானும் இரண்டு பக்கமும் ஓடித் தூக்கப் போனோம்.

"விடுங்க!" என்றாள் அக்கா. கை தானாக விலகியது. நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல் அது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "தடுப்பு இல்லன்னா தண்ணி ரூமுக்குள்ள வந்துடுங்கம்மா. எல்லா பாத்ரூமுக்கும் இப்படித்தான் வைக்கறது."

அக்கா அவரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "டேய், சாக்பீஸ் டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள்.

வீட்டு முன்னால் சிமென்ட் களம் இருக்கிறது. அங்கே போனாள். நாற்காலியில் இருந்தபடியே குனிந்து குனிந்து என்னுடைய பிளானை அதே அளவில் தரையில் வரைந்தாள். கைக்கு எட்டாத கோடுகளை என்னை வரைய வைத்தாள். கோணிப் போனால் அழிக்கச் சொன்னாள். கம்மோடுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வாஷ்பேசினுக்குப் பதில் ஒரு பெஞ்ச். குழாய் இருக்கும் இடத்தில் ஒரு செங்கல். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தன் நாற்காலியில் இருந்து களத்து ஓரம் கிடந்த கயிற்றுக் கட்டிலுக்கு மாறினாள்.

"மேஸ்திரி, இதுல உட்காருங்க."

கலியபெருமாள் ஓரடி பின்னால் போய்விட்டார். "அய்யோ, நானா? வேணாங்கம்மா... அதுல போய்..."

அவர் சொல்லாமல் விட்டது எல்லோருக்கும் புரிந்தது. அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா மட்டும் சிரித்தாள்.

"அது நாற்காலிங்க மேஸ்திரி. நோய் இல்ல. ஒட்டாது."

மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

அடுத்த பத்து நிமிஷம் நன்னிலமே பார்த்திருக்க வேண்டிய காட்சி. கதவுக்காகப் போட்ட கோடுகளைத் தாண்டும்போதே அவர் இரண்டு கை முட்டியும் கோட்டுக்கு வெளியே. "அம்மா, கை சுவர்ல உரசுமே!" உரசும். உள்ளே போனவர் திரும்பப் பார்த்தார், முடியவில்லை. பின்பக்கமாக வந்தார், ஸ்டூலை இடித்துத் தள்ளினார். பெஞ்சுக்கு அடியில் முழங்கால் நுழையவில்லை. செங்கல் எட்டவில்லை. கதவு உள்பக்கம் திறப்பது போல நான் பிளான் போட்டிருந்தேனா... உள்ளே போனவர் கதவைச் சாத்தவே முடியாது!

"இந்தப் பிளானைப் போட்டது யாருங்க?" என்று வேர்க்க விறுவிறுக்கக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் முறையும் வந்தது. அந்த நாற்காலியிலேயே வீட்டுக்குள் போனேன். ஹாலில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். மேலே ஓடுகிற ஃபேன் தெரிந்தது. என் முகம் தெரியவில்லை. எட்டு மாதமாக அக்கா அந்தக் கண்ணாடி முன்னால்தான் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஃபேனைப் பார்த்தபடி! அந்த வழியாகப் போய் வருகிற எங்களில் ஒருவருக்காவது உறைத்ததா?

நாம் வீடு கட்டும்போது கார் திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறோம். வீட்டில் இருக்கிற மனுஷி திரும்ப ஐந்தடி இடம் விட வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. நம் கால்கள் கடைசி வரை இப்படியே இருக்கும் என்று யாரோ எழுதிக் கொடுத்தது போல ஒரு தைரியம்.

பழைய கோடுகளை அழித்துவிட்டு அக்கா புதிதாக வரைந்தாள். நடுவில் ஐந்தடிக்கு ஒரு வட்டம், நாற்காலி திரும்ப. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கம்மோடு அவள் நாற்காலி உயரத்துக்கே இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம், பிடித்து நகர இரண்டு பக்கமும் கம்பி. உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. கை ஷவர். பேசினுக்கு அடியில் முழங்கால் போக வெற்றிடம்.

"எல்லாம் சரிங்கம்மா. தண்ணி?" என்றார் மேஸ்திரி. பிறகு அவரே யோசித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சாக்பீஸ் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"தடுப்பே வேணாங்க! தரைக்கு இந்த மூலையைப் பார்க்க வாட்டம் குடுத்துச் சரிச்சுடறேன். வாசல்ல குறுக்க ஒரு சன்னமான கால்வாய், மேல ஜல்லடை மூடி. மீறி ஒரு சொட்டு வந்தாலும் அதுல இறங்கிடும். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற ஊர்ல பொறந்துட்டு, வாட்டம் தெரியாதா எனக்கு?"

மறுநாளே நிலையைப் பெயர்த்தார். கம்பி பதிக்கும் இடத்தில் சுவரை இன்னும் கெட்டியாக்கினார். அத்தான் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த பளபளா டைல்ஸை, வழுக்கும் என்று மேஸ்திரியே திருப்பி அனுப்பி, சொரசொரப்பானதை வரவழைத்தார். தரை முடிந்ததும் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு பொட்டு அறைக்கு வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். வரவில்லை. அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "சார், இனிமே பிளான் அனுப்பாதீங்க."

கடைசியில் ஒரு சண்டை பாக்கி இருந்தது. தச்சர் கதவு மாட்ட வந்த அன்று அத்தான் சொன்னார், "உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்."

"வேணும்" என்றாள் அக்கா.

"நீ விழுந்துட்டா? நான் எப்படி உள்ள வர்றது?"

"விழ மாட்டேன்."

"நீ விழுந்து கிடந்ததை ஒரு தடவை பார்த்துட்டேன் எஸ்தர். அது போதும் எனக்கு."

அத்தான் குரல் உடைந்துவிட்டது. இத்தனை மாதத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா நாற்காலியை அவர் பக்கத்தில் உருட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க. நீங்க ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. ஆனா எட்டு மாசமா ஒரு கதவைச் சாத்திட்டு நான் தனியா இருந்ததே இல்ல. அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

அத்தான் புதுக் கதவை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு தச்சரிடம், "வெளியில இருந்து காசு வச்சுத் திருப்பித் திறக்கற மாதிரி பூட்டு ஒண்ணு வருதாமே... அது கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைத்தது. கூடவே உள்ளே, தரையில் இருந்து ஓரடி உயரத்தில், ஒரு காலிங்பெல். விழுந்தாலும் கைக்கு எட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து 'கிளிக்'.

நானும் அத்தானும் மேஸ்திரியும் வெளியே நின்றோம். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி. அத்தான் கையில் ஒரு ரூபாய்க் காசு தயாராக இருந்தது. முக்கால் மணி ஆனதும் அவரால் தாங்க முடியவில்லை.

"எஸ்தர்... ஆச்சாம்மா?"

ஷவர் நின்றது.

"ஆகல! மூணு பேரும் கதவுகிட்ட நின்னு என்ன பண்றீங்க? போய் வேலையைப் பாருங்க!"

திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எங்கேயும் போனதில்லை.