பொத்தான் அவர் கையில்

என் சித்தி பேராசிரியர்; அரசியல் வன்முறையைப் பற்றி ஆராய்பவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு ஒரு பிடிவாதம். சாட்சி சொல்பவர்கள் கையிலேயே ரெக்கார்டரைக் கொடுத்துவிடுவார். பொத்தானை அழுத்துவதும் நிறுத்துவதும் அவர்கள் இஷ்டம்.

காவலில் காணாமல்போன ஒரு மாணவனைப் பற்றி, ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு ஒருவழியாகச் சித்தியிடம் பேசினார். மாணவனின் அம்மா தொடுத்த வழக்குக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். சித்தி வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், பதிவில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"உன் கொள்கையத் தூக்கி உடைப்புல போடு," என்றார் சித்தப்பா. "ரெக்கார்டர நீயே வச்சிருந்தா என்னவாம்?"

"வச்சிருந்தா அவர் வாயே திறந்திருக்க மாட்டார். காபி போடத் தெரிஞ்சா போடுங்க, இல்லைன்னா சும்மா இருங்க."

மறுநாள் காலை சித்தியோடு நானும் போனேன். காவலர் அசட்டுச் சிரிப்போடு கதவைத் திறந்தார்.

"நேத்து நான் அழுத்தவே இல்லம்மா. இத வாய்விட்டுச் சொல்ல முடியுமான்னு எனக்கே தெரியல. அதான் சொல்லிப் பார்த்தேன்."

"நல்ல ஆளு சார் நீங்க! எனக்குத் தூக்கமே போச்சு."

"எனக்கு நேத்துதாம்மா வந்துச்சு."

ரெக்கார்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பையன் பேரச் சொல்லி ஆரம்பிக்கட்டுமா?"

சித்தி தலையாட்டினார். காவலர் பொத்தானை அழுத்தினார்.