இரண்டு நா

தன் உடம்பிலேயே நான்கு இடத்தில் எழுதப்பட்டிருந்த ஒன்றை ஒரு மனிதன் எப்படி மறப்பான்? ரீடிங்காரரை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரு முறையேனும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இடது கெண்டைக்காலில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று, தொடையின் பின்புறம் ஒன்று. நான்காவது உட்காரும் இடத்தில். அதை அவருடைய மனைவியையும் ஒரு நர்சையும் தவிர யாரும் பார்த்ததில்லை. நான்கும் வெவ்வேறு நாய்களின் கடி. ஆனால் நான்கு முறையும், கடிபடுவதற்கு முந்தைய நொடியில் அவர் காதில் விழுந்த வாக்கியம் ஒன்றுதான்: "சும்மா வாங்க, ஒண்ணும் பண்ணாது."

மின்சார மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. இருபத்தேழு வருடம் அதையே செய்தார். மீட்டரை யாரும் வரவேற்பறையில் வைப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில், குளியலறைச் சந்தில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் எங்காவது வைத்திருப்பார்கள். நாயைக் கட்டுவதும் அநேகமாக அங்கேதான். ஒரு கையில் டார்ச், அக்குளில் புத்தகம், மற்றக் கையில் கம்பிக் கதவின் கொண்டி என்று அவர் நிற்கையில், உள்ளேயிருந்து முகம் காட்டாமல் ஒரு குரல் வரும். அந்தக் குரலை அவர் வெறுத்தார். நாயை வெறுக்கவில்லை.

"நாய் மேல எனக்கு ஒரு புகாரும் கிடையாது" என்பார். "அது உறுமுது, பல்லைக் காட்டுது, முடியைச் சிலிர்க்குது. தனக்குத் தெரிஞ்ச பாஷையில எல்லாம் சொல்லிட்டுத்தான் கடிக்குது. சொந்தக்காரன்தான் பொய் சொல்றான்."

அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் நேரே, வலது ஓரத்தில், குறிப்பு எழுத ஒரு குறுகிய கட்டம் இருந்தது. 'பூ' என்று எழுதினால் வீடு பூட்டியிருந்தது. 'நா' என்றால் நாய் இருக்கிறது. இந்த இரண்டும் எல்லா ரீடிங்காரர்களுக்கும் பொது. 'நா நா' என்று இரண்டு முறை எழுதுவது மட்டும் இவருடைய கண்டுபிடிப்பு. எந்த வீட்டில் 'ஒண்ணும் பண்ணாது' என்று சொன்னார்களோ அந்த வீட்டுக்கு இரண்டு நா.

பில் கவுன்ட்டரில் உட்காரும் கேஷியர் அவருடைய ஒரே சிநேகிதர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒருநாள் கேட்டார்: "யோவ், நா-ன்னா நாக்குய்யா. ரெண்டு நாக்குன்னு எழுதி வச்சிருக்க, படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"சரியாத்தான் நினைப்பான். ஒண்ணு நாய்க்கு, ஒண்ணு அதை வளர்க்கிறவனுக்கு. ரெண்டாவதுதான் ஆபத்து."

கேஷியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தப் பதில் அலுவலகம் முழுக்கப் பரவியது. ரீடிங்காரர் வாழ்க்கையில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை இதுதான் என்று கேஷியர் பிற்பாடு சொல்வதுண்டு. அவர் பாராட்டாக மட்டும் அதைச் சொல்லவில்லை.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அவர் வீட்டுக்கே நாய் வந்தது. வேலைக்காக வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கப்போன மகள், ஆசைப்பட்டு வாங்கிய குட்டியை ஒரு வாரத்துக்கு என்று விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

"நான் பெத்ததை வளர்த்தாச்சு. அவ பெறாததையும் நானே வளர்க்கணுமா?" என்றாள் மனைவி.

"நான் பாத்துக்கிறேன்."

"ஆமா, அவளையும் இப்படித்தான் பாத்துக்கிட்டீங்க."

ஆனால் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் அடங்கிய குட்டி ஒரே வருடத்தில் அவர் இடுப்புக்கு வந்து நின்றது. அதற்குச் சின்னவன் என்று பெயர். தெருவில் அவரைப்போல ஒழுங்காக நாய் வளர்த்தவர் யாருமில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊசி தேதி தவறியதில்லை. கழுத்தில் நகராட்சி உரிம வில்லை. இரண்டு முழத்துக்கு மேல் நீளாத தோல்வார். சட்டைப்பையில் காகிதப் பை. சின்னவன் குந்திய இடத்தில் அவரும் குந்துவார், அள்ளிச் சுருட்டிக்கொண்டு எழுவார். பூங்காவில் யாராவது நாயை அவிழ்த்துவிட்டால் நேரே போய், "கயிறு எங்கே?" என்பார். அவர் தலை தெரிந்ததும் நாய்க்காரர்கள் எதிர்ப்பக்கம் நடையைக் கட்டினார்கள்.

ஒழுங்குள்ள மனிதர்கள் எங்கோ ஒரு மூலையில் தங்களுக்கென்று ஒரு சலுகை வைத்திருப்பார்கள். அவருடைய சலுகை நூறு அடி நீளம். காலை நடை முடிந்து திரும்பும்போது, தெருமுனை விளக்குக் கம்பம் தாண்டியதும் குனிந்து வாரின் கொக்கியைக் கழற்றிவிடுவார். அங்கிருந்து வீட்டுக் கதவு வரை சின்னவன் காது பறக்க ஓடுவான். போய்த் திரும்பி நின்று, ஏன் இவ்வளவு தாமதம் என்பதுபோல் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார் என்று சொன்னால் மிகையில்லை. சில நாள் கூடவே நடந்த கேஷியர் மட்டும் கேட்டார்.

"இங்க கயிறு வேண்டாமா?"

"வீடு வந்தாச்சேய்யா. அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்."

சொன்னது தம் வாயா என்று அவர் திடுக்கிட்டிருக்க வேண்டும். இல்லை. அவர் காதில் வேறு ஏதோ விழுந்திருக்கிறது. மற்றவர்கள் சொன்னது 'பண்ணாது'. இவர் சொன்னது 'பண்ண மாட்டான்'. அஃறிணை உயர்திணை ஆனதும், இருபத்தேழு வருடமாக வெறுத்த வாக்கியம் அவருக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

ஓய்வு பெற்ற அன்று புத்தகத்தை ஒப்படைத்தார். வாங்கிக்கொண்டது ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது, வெடுக்கென்ற பேச்சு.

"இதென்ன சார், பக்கத்துக்குப் பக்கம் நா நா நா? பாட்டு கத்துக்கிட்டீங்களா?"

விளக்கம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது போதும் சார். மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். அந்த நம்பிக்கை அவருக்குப் பிடித்திருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை. ரீடிங்காரர் வீட்டு மீட்டர், தெருவைப் பார்த்த சுற்றுச்சுவரில், கதவுக்கு ஒரு கை தூரத்தில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அவள் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் விளக்குக் கம்பத்தைத் தாண்டிக் கொக்கியைக் கழற்றினார். சின்னவன் ஓடினான். அவன் வழக்கமாகப் போய் நிற்கும் இடத்தில் யாரோ முதுகு காட்டி நின்றார்கள்.

காலடிச் சத்தத்துக்கு அவள் திரும்பினாள், உறைந்து நின்றாள். அவர் அங்கிருந்தே, சிரித்த முகத்தோடு குரல் கொடுத்தார்:

"பயப்படாதம்மா, அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்!"

அவள் புத்தகத்தை முன்னால் நீட்டினாள். நாய் புத்தகத்தைக் கவ்வவில்லை, அதைப் பிடித்திருந்த கையைக் கவ்வியது. அவர் ஓடிவந்து தாடையைப் பிரிப்பதற்குள் கட்டைவிரலின் அடிப்பாகம் கிழிந்து தொங்கியது.

அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் "எப்படி இப்படிப் பண்ணுச்சுன்னு தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து சின்னவன் மறுபடியும் அஃறிணையாகிவிட்டான். அவளோ ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"உங்க வீட்டுக்கு நேரா காலியா இருந்துச்சு சார்."

அது உண்மை. தெருவிலிருந்த அத்தனை நாய்களும் அந்தப் புத்தகத்தில் இருந்தன, அவருடையதைத் தவிர. நாய் வந்த பிறகும் இரண்டு வருடம் தம் வீட்டு மீட்டரைத் தாமே படித்து, தாமே எழுதியவர்; யாரை எச்சரிக்க அந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுதத் தோன்றவே இல்லை.

விரல் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது, பேனா பிடிக்க ஆகாது என்றார் டாக்டர். அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் கேஷியர் வந்து விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"கயிறு இல்லாம ஓடி வந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். வேலை நேரத்துல, அடுத்தவன் தப்பால காயம்னு ஆகும். உள்ள உட்காரவச்சு ஒரு வேலை போட்டுக் கொடுப்பாங்க. கயிறோட இருந்துச்சுன்னா, அவளாப் போய் மாட்டிக்கிட்டான்னு எழுதி அனுப்பிடுவாங்க. எடுத்த ரீடிங்குக்குத்தான் அவளுக்குக் கூலி, தெரியுமில்ல?"

"கயிறு இல்லேன்னு சொன்னா இது என்ன ஆகும்?"

நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. கேஷியர் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். தெருவில் அவிழ்த்துவிட்டுக் கடித்த நாயை நகராட்சி வண்டி எடுத்துப் போகும்; போனது திரும்புவதில்லை. இது இருவருக்கும் தெரியும்.

கேஷியர் போனதும் மனைவி சொன்னாள்: "ஒரு நாளைக்கு என்கூட நாலு வார்த்தை பேசுவீங்களா? அதுகூட நாள் முழுக்கப் பேசுறீங்க. அது போயிட்டா இந்த வீட்டுல நான் செவுத்தோடதான் பேசணும். யோசிச்சுச் சொல்லுங்க." பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும்" என்றாள். இரண்டில் எதை அவள் விரும்பினாள் என்று அவர் கேட்கவில்லை.

விசாரணை நடந்தது அவர் இருபத்தேழு வருடம் கையெழுத்துப் போட்ட அதே அறையில். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. ஓரத்து நாற்காலியில் அவள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. நடந்ததைச் சொன்னாள்.

"கம்பத்துக்கிட்டயே அவிழ்த்துட்டார் சார். நாய் தனியாத்தான் வந்துச்சு."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். அட்டையில் காய்ந்த ரத்தக்கறை இருந்தது. "தெருவுல எந்த வீட்டையும் விடலை. எங்கெங்க நாயோ அங்கெல்லாம் குறிச்சிருக்கார். தன் வீட்டு நாய் ஆபத்தானதா இருந்தா இவ்வளவு கவனமான மனுஷன் குறிக்காம இருப்பாராம்மா?"

அவள் ரீடிங்காரரைப் பார்த்தாள். பழியும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மீட்டர் முன்னால் நின்று எண் தெளிவாகத் தெரியும்வரை காத்திருப்பவளைப்போல் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார் அதிகாரி. "கயிறு இருந்ததா?"

அவர் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

"கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இரண்டு முழத் தோல்வார் முழுவதும், கொக்கியோடு, அவர் கையில்தான் இருந்தது. மறுமுனையில் எதுவும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, அதிகாரியும் கேட்கவில்லை. மெய்யான சொற்களை மட்டும் அடுக்கி ஒரு முழுப் பொய்யைக் கட்டிவிடலாம். அதற்குத் திறமை வேண்டாம், அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். 'நாய் வாரில் கட்டப்பட்டிருந்தது' என்று அதிகாரி எழுதினார். ரீடிங்காரர் கையெழுத்துப் போட்டார்.

அவள் எழுந்தாள். வாசலில் நின்று, "நல்லா வளர்த்திருக்கீங்க சார்" என்றாள். எதைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தேடிப் பார்த்தவரும் இல்லை. கேஷியர் ஒரே ஒரு முறை, கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது சொன்னார்: "கயிறு கையிலதான் இருந்துச்சு. அடேயப்பா." அத்தோடு வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் அந்த நாயின் கழுத்திலிருந்து வார் இறங்கவில்லை. தெருவில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மறுமுனை ஜன்னல் கம்பியிலோ அவர் மணிக்கட்டிலோ சுற்றியிருந்தது. வாய்க்குக் கூடு போட்டார். விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் அது நின்று, தலையைத் திருப்பி, குனிவார் என்று காத்திருக்கும். அவர் குனியவில்லை. சொன்னதை மெய்யாக்கப் பார்த்தாரோ என்னவோ. மெய்யாக்கும் வேலை முழுவதும் நாயின் தலையில் விழுந்தது. ஐந்து வருடம் அப்படியே இருந்து, ஒரு மத்தியானம், வார் நீளம் எட்டும் நிழலில் படுத்தபடி செத்துப்போனது. மனைவி அழுதாள். அவர் கொக்கியைக் கழற்றி வாரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

இருபது நாள் கழித்து ஒரு காலை, கறுப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு சின்ன பிரஷும் வாங்கிவந்தார். சுற்றுச்சுவரில் மீட்டர் பெட்டியின் இரும்பு மூடிமேல் நிதானமாக எழுத ஆரம்பித்தார். மனைவி கதவருகே வந்து நின்று பார்த்தாள்.

"நாய்தான் போயிடுச்சே. இப்ப எதுக்கு இது?"

அவர் பிரஷை டப்பாவில் தோய்த்து, இரண்டாவது 'நா'வின் காலை இழுத்து முடித்தார்.

அந்தக் குறி அலுவலகத்தில் இன்றும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ரீடிங்காரன் பெட்டியைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றுவிடுவான். "சார், நாயைப் பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று கத்துவான். அவர் வெளியே வருவார். மூடியைத் தாமே திறந்து, எண்ணைத் தாமே படித்துச் சொல்லி, மூடிவிட்டு உள்ளே போவார். நாய் எங்கே என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததில்லை. மழையில் எழுத்து வெளுக்கும். வெளுத்ததும் மேலே எழுதுவார்.