நாலு புள்ளிப் பூச்சி

ஏழு வயது வரைக்கும் நானாகச் சோறு எடுத்துத் தின்றதில்லை. அம்மா பிசைந்து உருட்டி வாயில் வைத்தால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். கல்யாணப் பந்தியிலும் அம்மா வந்து ஊட்ட வேண்டுமா என்று அப்பா கேலி செய்வார். நான் கொஞ்சமும் வெட்கப்பட்டதில்லை. அம்மா பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சுக்கு மண் கரைசல் ஊற்றுகிறவள். வேலை விட்டு வந்ததும் எனக்கு ஊட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

அந்த வருஷம் அவளுக்கு ஓயாமல் வயிற்று வலி. அம்மாவின் தங்கை, என் சித்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபில் வேலை பார்த்தாள். அம்மாவின் மலத்தைச் சோதித்துவிட்டு, குடலில் அமீபா இருக்கிறது, கை வழியாகப் பிள்ளைக்கும் தொற்றும் என்று சொன்னாள். அன்று முதல் என் முன்னால் ஒரு தட்டும் ஸ்பூனும் வந்தன. அம்மா எட்டவே நின்றாள். என்மேல் என்ன கோபம் என்று கேட்டால், அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒன்றுமில்லை என்பாள். எனக்கு மட்டும் கோபம் வராதா? சரியாகத் தின்னாமல் சண்டித்தனம் செய்தேன்.

மாத்திரை முடிந்து மறுபடி சோதித்தபோதும் அது போகவில்லை. அம்மாவோடு லேபுக்குப் போயிருந்த நான், வயிற்றுப் பூச்சியால்தான் அம்மா ஊட்டுவதில்லை என்று அங்கே பேச்சில் தெரிந்துகொண்டு, அந்தப் பூச்சியைக் காட்டினால்தான் ஆயிற்று என்று அழுதேன். சித்தி என்னைத் தூக்கி மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். கொம்பும் பல்லும் எதிர்பார்த்தேன். அயோடின் பட்டுப் பழுப்பான ஒரு உருண்டை, அவ்வளவுதான். இதுவா என் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறது! என் வாயிலும் இருக்குமா என்று கேட்டேன். வாயில் வருகிற அமீபா வேறு வகை என்றாள் சித்தி. இதன் உள்ளே நாலு புள்ளி தெரியும், அதுதான் பொல்லாத வகைக்கு அடையாளம் என்றாள்.

நாலு தெரிந்தது. கை சும்மா இருக்குமா? மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் இருந்த குமிழைத் திருகினேன். அந்தப் புள்ளிகள் மங்கி, வேறு புள்ளிகள் மேலே வந்தன.

"சித்தி, இன்னும் இருக்குது."

சித்தி என்னை நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தாள். மேலும் கீழுமாகத் திருகி, ஒன்று மாற்றி ஒன்றாக வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவசரத்துல தப்பாப் பாத்துட்டேன். இதுல எட்டு இருக்குது. இது சும்மா கெடக்குற வகை, ஒண்ணும் பண்ணாது."

அம்மா அவளைத் திட்டவில்லை.

"அப்ப புள்ளைக்கு ஊட்டலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இதுவும் அசுத்தத்தின் வழியாகத்தான் வருகிறது, கையை நன்றாகக் கழுவிவிட்டு ஊட்டு என்றாள் சித்தி. வயிற்று வலி, நேரத்துக்குச் சாப்பிடாமல் டீயாகக் குடித்ததால் வந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முழங்கை வரை கழுவிவிட்டு ரசஞ்சோறு பிசைந்தாள். முதல் உருண்டை வாய்க்குள் போனதுமே முகத்தைச் சுளித்தேன்.

"சோப்பு நாறுதும்மா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோற்றைக் குறை சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பயந்துபோய், அடுத்த உருண்டைக்கு அவள் சொல்லாமலே வாயைத் திறந்தேன்.