எங்களைப் புதையல் திருடர்கள் என்றது அந்த ஊர்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது என் கணவருக்குக் கோலார் தங்கவயலில் தொழிற்சாலை வேலை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்தது. எனக்கோ வேறு கவலை. பேத்தமங்களா ஏரிக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு கல்மண்டபம் இருந்தது. சோழர் காலத்தது என்பார்கள். அரசமர வேர் புகுந்து, கூரைக் கல் ஒன்று எப்போது விழுமோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பது என் கணவரின் கிண்டல். அந்த வாயை வைத்தே ஆள் திரட்டக் கிளம்பினேன். குடியிருப்பில் வீடு வீடாகப் பேசினேன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வழிமறித்துப் பேசினேன். "இன்னாம்மா, எங்க பொழப்பே ஆடிக்கினு கீது, நீங்க கல்லுக்கு வந்துட்டீங்க" என்று சிரித்தார்கள். ஆனாலும் ஞாயிறு காலை முட்டுக் கட்டைகளோடு ஒரு லாரி நிறைய வந்து நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுரங்கத்துக்காரர்கள் எந்தக் கூரைக்கடியில் போனாலும் முதலில் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பாறை உறுதி, பொத்தென்றால் ஆபத்து. அன்றும் அதே பழக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் தட்டத் தொடங்கினார்கள். தலையில் ஹெல்மெட், கையில் கடப்பாரை, வயல் முழுக்க டங் டங் சத்தம். புதையல் திருடர்களும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பு வந்த திருடர்கள் அங்கிருந்த நந்தியையே பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

சற்று நேரத்தில் பக்கத்து ஊரே அரிவாளும் தடியுமாகத் திரண்டுவிட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வசவு. எங்கள் ஆட்கள் கடப்பாரைகளைக் கீழே போட்டார்கள். என் அரைகுறைக் கன்னடத்தை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள், அங்கே தினமும் விளக்கேற்றுகிற பெண்மணி ஒருவர் விறுவிறுவென்று மண்டபத்துக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்தது நேராக அந்தத் தொங்கும் கல்லுக்கடியில்.

"தங்கம் தோண்டினது போதலியா? என்னைக் கொன்னுட்டு இங்க தோண்டுங்க!" என்று எனக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே கத்தினார்.

மேலிருந்து மண் உதிர்ந்தது. எங்களோடு வந்த மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது.

"யம்மா, கல்லு பேச ஆரம்பிச்சிருச்சு, எப்ப வேணா விழும். உடனே முட்டு குடுக்கணும். அந்தம்மாவ வெளிய கூப்புடுங்க" என்றார். ஆனால் அவர் ஓரடி எடுத்து வைத்ததும் தடிகள் உயர்ந்தன.

தைரியம் என்று சொல்லமாட்டேன். பயத்தில் கால்கள் தாமாக நடந்தன. வெறுங்கையோடு உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் எழுந்திருக்கமாட்டேன். கட்டை மட்டும் வைக்கட்டும். தோண்டினா என்னை விடாதீங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், மேலே கல்லைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். தடிகள் மெல்லக் கீழே இறங்கின.

எங்கள் தலைக்கு மேலே கட்டைகளை நிறுத்தி ஆப்படித்து இறுக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்பதே சந்தேகம். கனமான கட்டைக்கு ஆள் போதாதபோது, தடியோடு வந்தவர்களே ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கல் நின்றது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணியே ஊரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் களி கிண்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆதரவு கேட்டு எத்தனையோ வாசல்களில் ஏறி இறங்கியவள் நான். அவர் வாசலுக்கு மட்டும் போகவில்லை. இன்றும் யாராவது எதையாவது காப்பாற்றக் கிளம்பினால், அங்கே தினமும் விளக்கேற்றுவது யார் என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.