சுவருக்கு அந்தப் பக்கம்

போன வாரம் என் வீட்டு உள்சுவரில் ஒரு குழி வெட்டினோம். ஒரு சாண் அகலம், மூன்று அங்குல ஆழம். ஸ்விட்ச் பெட்டி பதிக்க. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் என் மனைவி என்னோடு பேசமாட்டாள் போலிருக்கிறது... எழுதிவிடுகிறேன்.

மகளுக்கு இது தலைதீபாவளி. மாப்பிள்ளை மதுரைக்காரர், ஃபேன் காற்றில் வளர்ந்தவர். எங்கள் விருதுநகர்ப் புழுக்கத்தில், அதுவும் நடு அறையில், அவர் கையில் ஓலை விசிறியைக் கொடுத்து உட்கார வைக்க முடியுமா? ஃபேன் வாங்கியாயிற்று. பெட்டி பதிக்க வயர்மேன் மாடசாமியும் வந்தாயிற்று. எம். புதுப்பட்டிக்காரர், முப்பது வயதிருக்கும்.

வந்தவர் சுவரை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இந்த எடத்துல சுவரு கனமில்லையேய்யா. அந்தப் பக்கம் மாடக்குழி இருக்கோ?"

இருந்தது. அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம். அங்கே மாடக்குழியை ஒட்டி – இப்போதே சொல்லிவிடுகிறேன் – ஆறு பெட்டி பட்டாசு! சிவகாசியில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற என் மச்சினன், "அத்தான், சீசன் நேரம், குடோன்ல இடமில்ல. ரெண்டு வாரம் இங்கன கிடக்கட்டும்" என்று இறக்கிவிட்டுப் போனது. வீட்டில் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? போன மாதம் இதே பக்கத்தில் அப்படி வைப்பவர்களை வெளுத்து வாங்கியவனே நான்தான். நாலைந்து பேர் பாராட்டி கார்டு கூடப் போட்டிருந்தார்கள்.

"அங்கன என்ன கிடக்கு?" என்றார் மாடசாமி.

"பழைய சாமான் தம்பி. ரெண்டு மூட்ட மிளகா."

"வெடிச் சரக்கு ஏதும் இல்லையே? கருங்கல்லு சுவரு. உளி பட்டா பொறி பறக்கும்."

"நான் என்ன கம்பெனியா வச்சிருக்கேன்?"

கோபம் வேறு வந்தது எனக்கு! பொய் சொல்கிறவனுக்குத்தான் எவ்வளவு ரோஷம்!

ஏன் சொன்னேன்? பெட்டிகளைப் பார்த்தால் கிளம்பிப் போய்விடுவார். நாலு பேரிடம் சொல்லுவார். மாப்பிள்ளை வருவதற்குள் இன்னொரு வயர்மேனுக்கு எங்கே போவது? இவ்வளவும் அரை நொடியில் மனசுக்குள் ஓடியது. ஒரு பொறி விழுந்தால் இந்த ஆள் கதி என்ன என்பது மட்டும் ஓடவில்லை... என்று எழுதினால், அது இன்னொரு பொய்.

முதல் அடி விழுந்தது. நான் எழுந்தேன். அடுக்களைக்குப் போய், "எதிர்வீட்டு அம்மா உன்னைக் கூப்பிட்டாங்க, வா" என்று மனைவியைக் கிளப்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டிப் போய் எதிர்வாசலில் நின்றுகொண்டேன். கையில் பேப்பர் வேறு, படிக்கிற மாதிரி.

இதை எழுதத்தான் கூசுகிறது. பொய்யாவது வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு யாருக்காவது கால் தவறிப் போகுமா?

"கூப்பிட்டாகன்னு சொன்னீக? வீடு பூட்டியில்ல கிடக்கு!"

மனைவி பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். அங்கிருந்து உளிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏங்க... அவருகிட்ட பட்டாசுப் பெட்டியப் பத்திச் சொல்லலையா? உள்ள ஒரு மனுசன் இருக்காருங்க!"

நான் பேப்பரைப் பார்த்தேன். பேப்பரில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். சட்டென்று சத்தம் நின்றது. கொஞ்ச நேரமாகியும் மறுபடி கேட்கவில்லை. அவள்தான் முதலில் ஓடினாள். நான் பின்னால் போனேன்.

அறையில் ஆளில்லை. உளி தரையில் கிடந்தது. மாடசாமி இரண்டாவது பெட்டியைத் தோளில் வைத்துக் கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். மிச்சப் பெட்டிகளை நானும் தூக்கினேன். அதற்காக யாரும் கார்டு போட வேண்டாம். உளி தரைக்கு வந்த பிறகு வந்த வீரம்தானே!

"நாலு அடி அடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கேன், வீட்ல ஒருத்தரும் இல்ல. வாசல் வழியாப் பாத்தா அம்மாவக் கூட்டிக்கிட்டு அங்கன நிக்கீக. தூசிக்குப் பயந்தவுக தெருவத் தாண்டிப் போகமாட்டாகளேன்னுதான் ஸ்டோரத் தெறந்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன்.

"எங்க வீட்ல எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்குத்தான்யா போறாக. ஒருத்தனாவது பயமில்லாத வேலைக்குப் போகட்டும்னு எங்க ஆத்தா என்னைய வயரிங் படிக்க வச்சது" என்றார். தோளைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க பயந்தது தப்புன்னு சொல்லல. எங்கிட்டயும் சொல்லிருந்தா நானும் பயந்திருப்பேன்ல?"

"மன்னிச்சிருங்க தம்பி" என்றாள் மனைவி. தப்புச் செய்யாதவள் அவள்.

நமக்கு ஆபத்து என்றால் காலுக்கே தெரிந்துவிடுகிறது, யாரையும் கேட்காமல் கிளம்பிவிடுகிறது. அடுத்தவனுக்கு என்றால் மட்டும் ஆயிரம் யோசனை... இல்லையா?

அவர் மறுபடி உட்கார்ந்து மிச்சக் குழியையும் வெட்டி, பெட்டியைப் பதித்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி முடித்தார். மச்சினனுக்கு ஆள் அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் பட்டாசு போய்விட்டது.

அடுக்களையிலும் ஒரு பெட்டி பதிக்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: "அடுத்த வாரம் வருவீங்களா மாடசாமி?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "வாரேன்யா. நான் உளி பிடிக்கைல நீங்களும் உள்ள இருந்தீகன்னா வாரேன்."

"இருக்கேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.